பூச்சு இல்லாத மடம்

ஆர்.கே. புரத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "என் மகள் டெல்லியில் கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பிரான்சில் லெ கார்பூசியே என்ற கட்டடக் கலைஞர் கட்டிய லா தூரெத் என்ற மடத்தின் மாதிரியை அட்டையில் செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள். படத்தைப் பார்த்தால் எனக்குச் சிறைச்சாலை போல இருக்கிறது. பூசாத சுவர், குறுகலான அறைகள். வாரம் தவறாமல் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்வரும் எங்களுக்கு, சாமி இருக்கிற இடம் இப்படியா இருக்கும் என்று தோன்றுகிறது. இதை ஏன் உலகம் இவ்வளவு கொண்டாடுகிறது?"

அம்மா, அதைப் பார்த்தவுடன் சிறைச்சாலை நினைவுக்கு வருவதில் தவறே இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் டெல்லியில் கட்டட வேலை பார்த்தவன் நான்; சில ஆண்டுகள் மாணவர்களுக்குப் பாடமும் எடுத்திருக்கிறேன். அந்த மடத்தில் வெளியாட்கள் தங்குவதற்கும் அறை தருகிறார்கள். இரண்டு இரவுகள் தங்கியிருக்கிறேன். முதல் நாள் மாலை பையை வைத்துவிட்டு நடையில் வந்து நின்றபோது, இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று மனம் கசந்தது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் அந்தக் கசப்பு போய்விட்டது. அது எப்படிப் போயிற்று என்று சொன்னால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன் புதுக்கோட்டைக்கு வாருங்கள். அது என் ஊர். சித்தன்னவாசல் என்றால் எல்லோரும் ஓவியத்தைத்தான் நினைப்பார்கள். அதே குன்றில் ஏழடிப்பட்டம் என்று ஓர் இயற்கைக் குகை உண்டு. பாறையில் கால் வைக்க வெட்டிய படிகளைப் பிடித்துப் போனால், உள்ளே 17 கற்படுக்கைகள். தலைப்பக்கம் மட்டும் தலையணை போலச் சற்று உயர்த்தி, வழவழப்பாகத் தேய்த்திருக்கிறார்கள். ஒன்றின் ஓரத்தில் கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய காலத்துத் தமிழி எழுத்து. சமண முனிவர்கள் தங்கிய இடம். பத்து வயதில் அப்பாவோடு போனபோது ஒரு படுக்கையில் படுத்துப் பார்த்தேன். முதுகு முழுவதும் சில்லென்றது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் இப்படிப்பட்ட படுக்கைகள் உண்டு. அங்கே குகையின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டும்படி ஒரு காடி வெட்டியிருப்பார்கள். ஓர் ஆள் படுக்க எவ்வளவு இடம் வேண்டும், மழைக்கு என்ன வழி: அவ்வளவுதான் அங்கே கட்டடக்கலை. அதற்கு மேல் ஒரு துளி இல்லை. ஆனாலும் யாரும் அதைச் சிறை என்று சொல்வதில்லை.

லா தூரெத்தை நான் அந்தக் கற்படுக்கையின் உறவாகவே பார்க்கிறேன். கோயிலோடு ஒப்பிட்டால் அது தோற்றுத்தான் போகும். கோயில் ஊருக்கு, திருவிழாவுக்கு, கூட்டத்துக்கு, கோபுர தரிசனத்துக்கு. மடம் சிலருக்கு மட்டும். அவர்கள் எப்போது எழுந்து, எப்போது படித்து, எப்போது கூடிப் பாடி, எப்போது பேச்சை நிறுத்துகிறார்களோ அந்த நாளின் ஒழுங்குதான் மடத்தின் வரைபடம். சுவர்களைப் பார்ப்பதற்கு முன் அந்த ஒழுங்கைப் பார்க்க வேண்டும்.

லியோன் நகரத்துக்கு வடமேற்கே சுமார் 25 கிலோமீட்டரில், எவூ என்ற சிற்றூரின் மலைச்சரிவில் இருக்கிறது அந்த மடம். தொமினிக்கன் சபையினருடையது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித தொமினிக் நிறுவிய சபை. 1216இல் போப்பின் ஒப்புதல் பெற்றது. இவர்கள் காட்டுக்குள் ஒதுங்கி வாழும் துறவிகள் அல்லர். இரந்து உண்டு, ஊர் ஊராகப் போய்ப் போதித்தவர்கள். போதிப்பவனுக்குப் படிப்பு வேண்டும். அதனால் படிப்பே இவர்களுக்கு ஒரு நோன்பு. லா தூரெத் இளம் துறவிகள் ஆண்டுக்கணக்கில் தங்கித் தத்துவமும் இறையியலும் கற்பதற்கான இல்லமாகவே திட்டமிடப்பட்டது. நூறு அறைகள், வகுப்பறைகள், நூலகம், உணவுக்கூடம், ஆலயம். நம் ஊர் ஆதீன மடங்களில் சாத்திரம் கற்கத் தம்பிரான்கள் தங்குவதை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்.

இதைக் கட்ட லெ கார்பூசியேயை அழைக்கலாம் என்று 1953இல் யோசனை சொன்னவர் மரி-அலேன் கூத்துரியே என்ற தொமினிக்கன் பாதிரியார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர்தான். லெ கார்பூசியே சுவிட்சர்லாந்தின் புரொட்டஸ்டண்ட் குடும்பத்தில் பிறந்தவர். பக்தர் என்று சொல்ல முடியாதவர். அவரிடம் ஒரு கத்தோலிக்க மடத்தை ஒப்படைப்பது அன்று சபைக்குள் சுலபமாக ஏற்கப்படும் காரியம் இல்லை. திறமையில்லாத பக்தரைவிட, பக்தியில்லாத மேதை கடவுளுக்கு அருகில் நம்மைக் கொண்டுபோவார் என்பது கூத்துரியேயின் உறுதி. வான்ஸ் நகரில் தொமினிக்கன் கன்னியருக்கு ஓவியர் மத்தீஸ் அமைத்த சிற்றாலயத்திலும், லெ கார்பூசியேயின் ரோன்ஷாம் ஆலயத்திலும் அவருடைய தூண்டுதல் இருந்தது. ஆனால் லா தூரெத் எழுவதை அவர் பார்க்கவில்லை. 1954இல் காலமாகிவிட்டார். கட்டுமானம் தொடங்கியது 1956இல். ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது 1960இல்.

கூத்துரியே கட்டடக் கலைஞரிடம் கேட்டது சின்ன விஷயம். நூறு உடல்களையும் நூறு இதயங்களையும் மௌனத்தில் குடிவைக்க வேண்டும். பாணி, அலங்காரம், அடையாளம் எதையும் கேட்கவில்லை. கூடவே, தெற்கு பிரான்சில் உள்ள ல தொரோனே என்ற மடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வரும்படி அனுப்பினார். அது 12ஆம் நூற்றாண்டில் சிஸ்டர்சியன் துறவிகள் கட்டியது. வெறும் கல், வெறும் வெளிச்சம். சுவரில் சித்திரம் கிடையாது. லெ கார்பூசியே அங்கே போய் நின்று திரும்பி வந்தபின் வரைந்ததுதான் லா தூரெத். அதற்கும் முன்பே, இருபது வயதை எட்டும் முன், 1907இல், இத்தாலியில் பிளோரன்ஸ் அருகே எமா பள்ளத்தாக்கிலுள்ள ஒரு மடத்தைப் பார்த்தவர் அவர். ஒவ்வொரு துறவிக்கும் தனியாக ஒரு சிறு குடியிருப்பும் தோட்டமும். எல்லோருக்கும் பொதுவாக ஆலயமும் நடையும். தனிமையும் கூட்டமும் ஒன்றை ஒன்று கெடுக்காமல் ஒரே கூரைக்குள் இருக்க முடியும் என்பதை அங்கே கண்டார். பிறகு மார்சேயில் அவர் கட்டிய மாபெரும் அடுக்ககத்திலும் அந்த மடத்தின் நிழல் இருக்கிறது. நாம் இன்று குடியிருக்கும் அடுக்குமாடியின் பூர்வீகத்தில் ஒரு துறவி மடம் இருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

இனி அறைக்கு வருகிறேன். உங்கள் மகளிடம் ஒரு சாக்பீஸ் கொடுத்து மொட்டைமாடிக்கு அனுப்புங்கள். 1.83 மீட்டர் அகலம், 5.92 மீட்டர் நீளம் கோடு போடச் சொல்லுங்கள். அதுதான் ஒரு துறவியின் அறை. உயரம் 2.26 மீட்டர், கையைத் தூக்கினால் கூரை தொடும். இந்த எண்கள் வாய்க்கு வந்தபடி வைத்தவை இல்லை. 1.83 மீட்டர் உயரமுள்ள ஒரு மனிதன் நிற்கிறான். கையை உயர்த்துகிறான், விரல்நுனி 2.26 மீட்டரைத் தொடுகிறது. அந்த உடலிலிருந்து கிளம்பும் அளவு வரிசை ஒன்றை லெ கார்பூசியே உருவாக்கி வைத்திருந்தார். மொதுலோர் என்று அதற்குப் பெயர். நம் சிற்பிகள் தாளம், அங்குலம் என்று உடலைக் கொண்டே அளந்தார்களே, அந்த எண்ணத்துக்குப் பக்கத்து வீடு இது.

அந்தக் கோட்டுக்குள் கதவுப் பக்கம் கை கழுவும் தொட்டியும் அலமாரியும். பிறகு ஒரு கட்டில். பிறகு வெளிச்சத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அதைத் தாண்டி, நின்று மூச்சு விட ஒரு சிறு மாடம். குளியலறை பொது. சுவர் வெள்ளை, கை வைத்தால் சொரசொரக்கும். ஜன்னலோடு நெட்டுக்குத்தாக, ஒரு முழத்துக்கும் குறைந்த அகலத்தில் ஒரு பலகைக் கதவு. திறந்தால் காற்று மட்டும் வரும், கொசுவலை பூச்சியைத் தடுக்கும். வெளிச்சத்துக்குக் கண்ணாடி, காற்றுக்குப் பலகை என்று இரண்டு வேலையையும் பிரித்து வைத்துவிட்டார். இந்தக் காற்றுப் பலகையை அவர் வடிவமைத்த சண்டிகரிலும் நீங்கள் பார்க்கலாம்.

இரவு அந்தக் கட்டிலில் படுத்தபோது முதுகு ஏழடிப்பட்டத்தை நினைத்தது. கரோல் பாக்கில் நான் முதன்முதலில் குடியிருந்த பர்சாத்தி என்கிற மொட்டைமாடி அறை இதைவிடப் பெரிது. ஆனால் அங்கே எதுவும் எனக்காக அளந்து வைக்கப்படவில்லை. இங்கே கை நீட்டினால் விளக்கு, எழுந்தால் மேசை, நிமிர்ந்தால் பள்ளத்தாக்கு. ஒரு நாள் முழுவதும் படிக்க வேண்டியவனுக்கு வேண்டியது அவ்வளவும் இருந்தது. அதற்கு மேல் கவனத்தை இழுக்க ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து மேசைமுன் உட்கார்ந்தபோது, நெடுநாளாகப் படிக்க எடுத்துப் பாதியில் விட்ட ஒரு நூலில் நாற்பது பக்கம் நகர்ந்தது. அறையைக் குறுக்கியதால் மனத்துக்கு இடம் கிடைத்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அறைகள் மேலே இரண்டு தளங்களில் இருக்கின்றன. இதிலும் ஒரு கணக்கு உண்டு. நாம் வீடு கட்டினால் அடித்தளத்திலிருந்து எண்ணத் தொடங்குவோம். இது மலைச்சரிவு, நிலம் வழுக்கிக்கொண்டே போகிறது. அதனால் லெ கார்பூசியே மேலே கூரையை ஒரே மட்டமாக முதலில் வைத்துக்கொண்டார். அங்கிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்து, சரிவைச் சந்திக்கும் இடத்தில் சந்திக்கட்டும் என்று தூண்களை விட்டுவிட்டார். நிலத்தை வெட்டவில்லை, நிரப்பவில்லை. புல் கட்டடத்துக்கு அடியில் அப்படியே ஓடுகிறது. நீங்கள் உள்ளே நுழைவது நடுத் தளத்தில். நூலகமும் வகுப்பறைகளும் அங்கே. படுப்பதற்கு மேலே போகிறீர்கள்; உண்பதற்கும் தொழுவதற்கும் கீழே இறங்குகிறீர்கள். தனிமை உச்சியில், பொது வாழ்க்கை மண்ணுக்கு அருகில். மாதிரி செய்யும்போது உங்கள் மகளும் கூரை மட்டத்தை முதலில் நிறுத்திக்கொண்டு கீழே வரட்டும். சரிவை முதலில் செய்துவிட்டு மேலே போனால் இந்தக் கட்டடம் கைக்கு வராது.

பழைய மடங்களில் நடுவில் சதுர முற்றமும் சுற்றிலும் தூண் வரிசையுள்ள தாழ்வாரமும் இருக்கும். நம் செட்டிநாட்டு வீட்டின் வளவு மாதிரி. துறவிகள் அதில்தான் சுற்றிச் சுற்றி நடந்தபடி தியானிப்பார்கள். லா தூரெத்திலும் மூன்று பக்கம் கட்டடமும் நான்காவது பக்கம் ஆலயமுமாக முற்றம் ஒன்று இருக்கிறது. ஆனால் சரிவு காரணமாக அதில் நடக்க முடியாது. அதற்குப் பதில் முற்றத்தின் குறுக்கே, சிலுவை வடிவில், மூடிய நடைபாதைகளை ஓடவிட்டார். இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. முற்றத்தில் கால் வைக்க முடியாத வீட்டில் ஏதோ ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது. தொரோனேயில் அந்தத் தாழ்வாரம் தருகிற நிம்மதி இங்கே இல்லை.

ஆனால் அந்த நடைபாதைகளின் கண்ணாடிச் சுவர் இருக்கிறதே, அதைப் பற்றி நான் ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். அதை வடிவமைத்தவர் யானிஸ் ஜெனாக்கிஸ். கிரேக்கர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஏதென்சில் தெருச் சண்டையில் குண்டுச் சிதறல் பட்டு ஒரு கண்ணை இழந்தவர். 1947இல் தப்பி பாரிசுக்கு வந்து, லெ கார்பூசியேயின் அலுவலகத்தில் பொறியாளராகச் சேர்ந்தவர். அவர் இசையமைப்பாளரும்கூட; பின்னால் உலகம் அவரை இசைக்காகவே அறிந்தது. தரையிலிருந்து கூரை வரை மெல்லிய கான்கிரீட் குச்சிகளை நிறுத்தி, நடுவில் கண்ணாடி பொருத்த வேண்டும். சமதூரத்தில் நிறுத்தினால் அது ஜன்னல் கம்பி. ஜெனாக்கிஸ் இடைவெளிகளை மாற்றினார். நெருக்கமாக நான்கு, கொஞ்சம் விலகி இரண்டு, பிறகு அகலமாக ஒன்று, மறுபடி நெருக்கம் என்பது போல. டெல்லித் தமிழ்ச் சங்கத்தில் மார்கழிக் கச்சேரி கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே ஆதி தாளத்துக்குள் மிருதங்கக்காரர் சொற்கட்டுகளை நெருக்கியும் தளர்த்தியும் கோர்வை வைப்பார் அல்லவா, அதேதான். நீங்கள் நடக்க நடக்க நிழல்கள் தரையில் வேகம் பிடிக்கின்றன, தளர்கின்றன. உணவுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தால் பள்ளத்தாக்கின் மரங்கள் அந்த இடைவெளிகளில் தாளம் போட்டு நிற்கின்றன. இசையில் பயன்படுத்திய கணக்கை ஒருவர் சுவரில் பயன்படுத்தி, அது கண்ணுக்குக் கேட்கவும் செய்கிறது.

அறைகளுக்கு வெளியே உள்ள நடை இதற்கு நேர்மாறு. கண் மட்டத்தில் நீளமாக ஒரு கீற்று ஜன்னல் மட்டும். நடை முடியும் இடத்தில் வெளியே காட்சி விரியும் என்று எதிர்பார்த்துப் போனால், நேர் எதிரே ஒரு கான்கிரீட் பலகை மறித்து நிற்கும். வெளிச்சம் அதன் பக்கங்களிலிருந்து மட்டும் கசியும். முதல் நாள் எனக்கு எரிச்சல் வந்தது இங்கேதான். வெளியே அவ்வளவு அழகான பள்ளத்தாக்கை வைத்துக்கொண்டு ஏன் மறைக்க வேண்டும்? பிறகு ஒரு துறவி, முதியவர், அந்த நடையில் தலை கவிழ்ந்து மெதுவாகப் போனார். காட்சிக்கு உரிய இடம் அறையின் மாடம். நடை மௌனத்துக்கு உரியது என்று அவர் நடந்து காட்டியது போலிருந்தது.

ஆலயத்தை முழுமையாகச் சொல்ல எனக்குச் சக்தி உண்டா தெரியவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு பெட்டி. நெடிய, உயர்ந்த, ஜன்னலே இல்லாதது போன்ற சாம்பல் நிறப் பெட்டி. நீங்கள் படத்தில் பார்த்துப் பயந்தது அந்தச் சுவராகத்தான் இருக்கும். உள்ளே போனதும் முதலில் ஒன்றும் தெரியாது, இருட்டு. கண் பழக ஒரு நிமிடம் ஆகும். பிறகு கூரை சுவரின் மேல் உட்காரவில்லை என்பது தெரியும். இரண்டுக்கும் நடுவே ஓர் ஒல்லியான ஒளிக்கீற்று ஓடுகிறது. அத்தனை டன் கான்கிரீட்டும் அந்த வெளிச்சத்தின் மேல் மிதப்பது போலத் தோன்றும். துறவிகள் அமர்ந்து பாடும் இருக்கைகளின் பக்கத்தில், தாழ்வாக, கிடைமட்டத்தில் சில பிளவுகள். அவற்றின் சாய்ந்த உட்புறத்தில் சிவப்பு, மஞ்சள் போன்ற அழுத்தமான வண்ணங்களைப் பூசியிருக்கிறார்கள். வண்ணத்தையோ சூரியனையோ நேராகப் பார்க்க முடியாது. அதில் பட்டுத் திரும்பும் ஒளி மட்டும் கையிலுள்ள திருப்பாடல் புத்தகத்தின் மேல் விழுகிறது. வண்ணக் கண்ணாடி இல்லை, சிலைக் கூட்டம் இல்லை, தங்கம் இல்லை. கருவறை இருட்டில் ஒரு நெய்விளக்கு மட்டும் எரிய நின்று கும்பிட்ட எந்தத் தமிழருக்கும் இந்த இருட்டு அந்நியமாக இராது. நம் கோயிலிலும் வெளிப் பிரகாரத்து வெயிலிலிருந்து படிப்படியாக இருட்டுக்குள் போய்த்தானே சாமியைப் பார்க்கிறோம்?

மாலை வழிபாட்டில் ஏழெட்டுப் பேர்தான் பாடினார்கள். அந்தப் பெட்டிக்குள் ஒலி உடனே சாவதில்லை. ஒரு வரி அடங்குவதற்குள் அடுத்த வரி அதன் மேல் வந்து படிகிறது. ஏழு பேர் எழுபது பேரானார்கள். அவர்கள் பாடிக்கொண்டிருக்கும்போதே மேலே இருந்த கீற்றிலிருந்து ஒரு பொன்னிறக் கோடு எதிர்ச் சுவரில் விழுந்து, கண்ணுக்குத் தெரியும்படியாக நகர்ந்தது. சுவரில் ஒரு சித்திரம் இருந்திருந்தால் நான் அந்தக் கோட்டைக் கவனித்திருக்க மாட்டேன். என் கசப்பு போனது அந்த நேரத்தில்தான்.

ஆலயத்தின் பக்கவாட்டில், தாழ்ந்த ஓர் அறையில், படிப்படியாக இறங்கும் தரையில் ஏழு பலிபீடங்கள் இருக்கின்றன. மேலே கூரையில் வாய் திறந்த வட்டப் புகைபோக்கிகள் போன்ற ஒளித்துளைகள். பீரங்கி என்றே அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே வண்ணம் பூசியிருப்பதால் இறங்கும் ஒளியும் வண்ணத்தோடு இறங்குகிறது. எதற்கு ஏழு பீடங்கள்? அந்தக் காலத்தில் குருப்பட்டம் பெற்ற ஒவ்வொரு துறவியும் தினமும் தனித்தனியே திருப்பலி செய்வது வழக்கம். ஒரே பீடம் இருந்தால் காலை முழுவதும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். கட்டி முடித்து இரண்டே ஆண்டில், 1962இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. பல குருக்கள் சேர்ந்து ஒரே பலி நிறைவேற்றும் முறை பரவலாயிற்று. ஏழு பீடங்களின் தேவை அப்படியே தளர்ந்துபோனது. அதன்பின் துறவறத்துக்கு வரும் இளைஞர்களின் எண்ணிக்கையும் ஐரோப்பாவில் சரிந்தது. நூறு பேருக்கு அளந்த வீட்டில் இன்று சிலரே வாழ்கிறார்கள். என்னைப் போன்ற வெளியாட்களுக்கு அறை கிடைப்பதே அதனால்தான்.

இப்போது பூசாத சுவருக்கு வருவோம். உங்கள் கேள்வியில் வலிக்கும் இடம் அதுதான் என்று எனக்குத் தெரியும். பூசாத வீடு நமக்கு முடிக்காத வீடு. சென்ட்ரிங் பலகை பிரித்ததும் மேஸ்திரி முதலில் செய்வது பூச்சுக்கு ஆள் வைப்பது. லா தூரெத்தில் பலகையின் நரம்புகள், இணைப்புகள், கசிந்த சிமென்ட் பால் கெட்டியான தழும்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சபையிடம் பணம் குறைவு என்பது உண்மை. ஆனால் ஏழ்மையை விரதமாக ஏற்றவர்களின் வீட்டில் ஏழைப் பொருளை ஒளிக்காமல் வைப்பது அவர்களுடைய வாக்குக்கு உண்மையாக இருப்பதும்கூட. குழாய்களும் கம்பிகளும் மறைக்கப்படவில்லை. வண்ணம் பூசி வெளியே ஓடவிட்டிருக்கிறார்கள். சன்னியாசியின் காவித் துணியில் சரிகை வைத்துத் தைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைச் சொல்லும்போது டெல்லியை நினைத்து எனக்கு நெஞ்சு கனக்கிறது. லா தூரெத், ரோன்ஷாம், சண்டிகரில் சட்டமன்றம், தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம் அடங்கிய கேபிட்டல் வளாகம் உட்பட லெ கார்பூசியேயின் 17 படைப்புகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தது 2016இல். அடுத்த ஆண்டு ஏப்ரலில் பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவலும் பொறியாளர் மகேந்திர ராஜும் 1972இல் எழுப்பிய ஹால் ஆஃப் நேஷன்ஸ் இடிக்கப்பட்டது. கையால் வார்த்த கான்கிரீட்டில் தூணே இல்லாமல் நின்ற அந்த மண்டபத்தைக் காட்டாமல் நான் ஒரு மாணவரையும் ஊருக்கு அனுப்பியதில்லை. பூசாத கான்கிரீட் அழுக்கு, பழசு என்கிற எண்ணம் ஆழமாகப் போய்விட்டால் இப்படித்தான் இழப்போம். அதனால்தான் உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

குறைகளும் உண்டு, மறைத்தால் உங்கள் மகளுக்கு நான் தவறு செய்தவன் ஆவேன். ஒற்றைக் கண்ணாடிச் சுவர் குளிர்காலத்தில் குளிரையும் கோடையில் வெயிலையும் உள்ளே விடுகிறது. கான்கிரீட்டில் ஈரம் புகுந்து கம்பி துருப்பிடித்ததால் இந்த நூற்றாண்டில் பல ஆண்டுகள் பெரும் பழுதுபார்ப்பு செய்ய வேண்டியிருந்தது. குகையில் காடி வெட்டிய நம் ஆட்கள் மழையை இவர்களைவிட மதித்தார்கள் என்றே சொல்வேன்.

மழையையும் வெயிலையும் மதித்த நவீனத் துறவியர் இல்லம் ஒன்று, லா தூரெத்துக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முந்தியது, நம் தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. செக் நாட்டில் பிறந்து டோக்கியோவில் தொழில் செய்த அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தார். கட்டுமானம் 1937இல் தொடங்கி 1940களில் முடிந்தது. ஹைதராபாத் திவான் அக்பர் ஹைதரி வழியாக நிதி வந்ததால் அந்தப் பெயர். தளத்தில் நின்று வேலையை நடத்தியவர்கள் ஜார்ஜ் நாகஷிமாவும் பிரான்டிசெக் சாம்மரும். சாம்மர் அதற்கு முன் லெ கார்பூசியேயின் பாரிஸ் அலுவலகத்தில் இருந்தவர். நாகஷிமா ஆசிரமத்திலேயே சாதகராகிவிட்டார். சுந்தரானந்தா என்று பெயர் பெற்றார். பின்னாளில் அமெரிக்காவில் மரவேலைக்குப் புகழ்பெற்ற அவர்தான் நியூ மெக்சிகோவின் பாலைவனத்தில் ஒரு பெனடிக்டன் மடத்துக்கு ஆலயம் வடிவமைத்தார்.

கோல்கொண்டாவில் வெளிச்சுவரே இல்லை எனலாம். வடக்கும் தெற்கும் முழுக்க, திருப்பித் திறந்து மூடக்கூடிய கிடைப்பலகைகள், கண்ணாடி கிடையாது. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறது. அறைக்கும் நடைக்கும் நடுவே தேக்கில் நகர்த்தும் கதவு. அதிலும் சட்டங்களுக்கு இடையே காற்று போகும், பார்வை போகாது. கூரைக்கு மேல் வளைந்த ஓடுகளால் இன்னொரு கூரை, வெயிலைத் தாங்க. கதவின் பித்தளைப் பிடிகளைக்கூட ஆசிரமத்திலேயே வார்த்தார்கள். வேலை செய்தவர்களில் பலர் சாதகர்களே. அந்தப் பலகைகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட். இன்று யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் அந்த யோசனை இன்றும் புதுச்சேரி வெயிலில் மின்விசிறியைத் தோற்கடிக்கும். ஆசிரமவாசிகள் வாழும் வீடு அது. உள்ளே பார்க்க முன் அனுமதி வேண்டும். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆலயத்தின் இருட்டுக்கு லா தூரெத், குடியிருக்க எனக்குக் கோல்கொண்டா போதும்.

டெல்லியை விட்டு இப்போது எங்கும் போக முடியாதென்றால், ஒரு ஞாயிறு காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு கண்டோன்மென்டில் உள்ள செயின்ட் மார்ட்டின் தேவாலயத்துக்குப் போங்கள். புது டெல்லியை வடிவமைத்த லட்யன்சின் கீழ் வேலை பார்த்த ஆர்தர் ஷூஸ்மித் 1930ஐ ஒட்டிக் கட்டியது. 35 லட்சம் செங்கற்கள். பூச்சு இல்லை, சிற்பம் இல்லை, ஜன்னல் சிறிது, சுவர் மலை போல. ஜூன் மாதத்தில் உள்ளே நுழைந்தால் டெல்லி வெயில் வாசலிலேயே நின்றுவிடும். அங்கே கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து லா தூரெத்தின் படத்தைப் பாருங்கள். பிறகு விடுமுறையில் ஒரு நாள் காலைச் சதாப்தியில் சண்டிகர் போய், அங்கே ஜன்னல்களில் கண்ணாடி இடைவெளிகள் நெருங்கி விலகுவதையும் நெட்டுக்குத்தான காற்றுப் பலகைகளையும் மகளை வரைந்துகொள்ளச் சொல்லுங்கள்.

மாதிரியைப் பற்றி ஒன்று. முழு மடத்தையும் வெள்ளை அட்டையில் அழகாக ஒட்டிக் கொண்டுபோவதற்கு முன்னால், ஆலயத்தை மட்டும் தனியாக, ஒரு முழ நீளத்துக்கு, சாம்பல் நிறத் தடித்த அட்டையில் செய்யட்டும். மூலைகளைக் கறுப்பு நாடாவால் ஒளி புகாமல் ஒட்ட வேண்டும். மூடியை வைக்கும்போது சுவருக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் விட வேண்டும். பக்கச் சுவரில் தாழ்வாக இரண்டு கீற்று; அதன் சாய்வில் சிவப்புத் தாள் ஒன்று, மஞ்சள் தாள் ஒன்று. ஒரு முனையில் கண் வைக்க ஒரு துளை. மாலை நான்கு மணிக்கு மொட்டைமாடிக்கு எடுத்துப்போய்ச் சூரியன் பக்கம் திருப்பி வைத்து, முதலில் நீங்கள் பாருங்கள் அம்மா. கண் பழக ஒரு நிமிடம் ஆகும், அதற்குள் எடுத்துவிடாதீர்கள்.